சிவப்பு நூல் போட மறந்த மூலை

அந்தச் சலவைக் கம்பெனியில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, அதோடு சரி. மேனேஜர் முதல் மூட்டை இறக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் ரிக்ரெட் மேடம். முகத்துக்கு நேரே மேடம் சேரும், முதுகுக்குப் பின்னால் வெறும் ரிக்ரெட்.

இருபத்திரண்டு வருடமாக அவள் பார்க்கிற வேலை ஒன்றுதான். கம்பெனிக்கு ஏழு கிளைகள். ஏழிலும் தினமும் ஏதாவது ஒரு சட்டை சுருங்கும், ஒரு கோட்டின் பொத்தான் போகும், ஒரு திரைச்சீலையின் சாயம் இறங்கும். துணிக்குச் சொந்தக்காரர் கொதித்துப்போய் எழுதுவார். அந்தக் கொதிப்புக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது அவள் பொறுப்பு. ஊரில் நாலைந்து மொழிக்காரர்கள் கலந்து இருந்ததால், வாய்ப்பேச்சு அவரவர் மொழியில், காகிதம் என்று வந்துவிட்டால் ஆங்கிலத்தில் என்று எப்போதோ ஆகிவிட்டது. கிளைகளிலிருந்து வருகிற நகல் கடிதங்களைத் திருத்துவதும் அவளே. பச்சை மையில் திருத்துவாள். பச்சைப் பேனா கம்பெனியில் அவளிடம் மட்டும்தான் உண்டு.

நம்மில் பலருக்கு ரிக்ரெட்டும் அப்பாலஜைஸும் ஒன்றுதான். பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்தாலும் சாரி, பக்கத்து வீட்டில் இழவு விழுந்தாலும் சாரி. கொஞ்சம் மிடுக்காக எழுத ஆசைப்படுகிறவர்கள் கைக்கு எது முதலில் அகப்படுகிறதோ அதைப் போடுவார்கள். அவளிடம் அந்தப் பேச்சே கிடையாது. மழையால் வண்டி தாமதமானால் ‘வி ரிக்ரெட்’. மழையை நாம் பெய்ய வைக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துச் சட்டையில் ஓட்டை போட்டால் ‘வி அப்பாலஜைஸ்’. ஓட்டை போட்டது நாம்தான். முன்னதில் வருத்தம் உண்டு, ஆள் கிடையாது. பின்னதில் ஆள் இருக்கிறார், தலை குனிந்து நிற்கிறார்.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒருத்தியை அந்தக் கம்பெனி எதற்காக வைத்திருந்தது என்றால், இரண்டாவது சொல்லை எந்தக் காலத்திலும் எழுதிவிடாமல் இருப்பதற்காக. தப்பை ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதினால் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார்கள் என்று முதலாளி ஆதிகாலத்திலேயே சொல்லிவிட்டார். ஆகவே ஓட்டை போட்டாலும் ரிக்ரெட், சாயம் போனாலும் ரிக்ரெட், துணியே போனாலும் ரிக்ரெட். ‘தங்கள் சட்டையில் ஒரு துளை ஏற்பட்டமைக்கு வருந்துகிறோம்.’ துளை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது போல. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று சொல்வார்களே, அவள் கடிதங்கள் அந்த ஜாதி. கடித வேலையில் அவள் கெட்டிக்காரி. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. ஏன் இருக்கக்கூடாது? இருபத்திரண்டு வருடத்தில் அவள் கடிதத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியதில்லை.

அவளுடைய கணவரும் அதே கம்பெனிதான். கடித அறையிலிருந்து இரண்டு கதவு தாண்டி, நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் கறை மேஜை. அவருக்குப் பெயர் கறைக்காரர். துணியைத் தொட்டதும் அது எத்தனை நாள் கறை, காபியா துருவா மையா என்று சொல்லிவிடுவார். கறைக்கு அடியில் வெள்ளைத் துணியை மடித்து வைத்து, பஞ்சில் மருந்தைத் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி வருவார். தேய்க்கவே மாட்டார். “தேச்சா கறை பயந்து உள்ள ஓடிடும்” என்பார். எதற்கும் அவசரப்படாத மனிதர். கல்யாணத்துக்கே அரை மணி தாமதமாக வந்தவர் என்று அவள் இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

வீட்டில் அவருக்கு ஒரு கேலி உண்டு. அவள் பாலைப் பொங்கவிட்டுவிட்டு, “ஐயோ, பால் பொங்கிடுச்சுங்க” என்பாள். அவர் நாளிதழை விட்டுத் தலையைத் தூக்காமலே கேட்பார்: “இது எந்த வகை? முதல் வகையா, ரெண்டாவது வகையா?”

“முதல் வகைதான். பால் தானா பொங்கிச்சு.”

“அடுப்ப மூட்டினது?”

“அதுவும் தானா மூட்டிக்கிச்சு.”

கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட இரண்டாவது வகை என்று ஒப்புக்கொண்டதில்லை. அவரும் விட்டதில்லை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. உறவுக்காரர்கள் விடுவார்களா, யாரிடம் குறை, யாரிடம் குறை என்று நோண்டிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் அவருடைய அத்தை கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு அதைக் கேட்டபோது, அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “யார் மேலயும் தப்பு இல்ல அத்தை. வருத்தம் மட்டும்தான். அதுக்கு அவ ஆபீஸ்ல ஒரு வார்த்தையே இருக்கு.” அன்றைக்கு அவள் சமையலறையில் நின்று அழுதாள். அவளுக்குத் தெரிந்தவரை அந்தச் சொல்லை அவ்வளவு சரியாகப் பயன்படுத்திய ஆள் அவர் ஒருவர்தான்.

இனி மேஜைவிரிப்பின் கதை.

கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. சில துணிகளில் சில இடங்களைத் தொடக்கூடாது என்று வாடிக்கையாளர் சொல்வார். கைவேலை, பழைய தையல், சமயத்தில் கறைகூட. அப்படிச் சொன்னால், கவுன்ட்டரில் இருப்பவர் அங்கேயே ஊசியை எடுத்து அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு நூலால் எட்டி எட்டி ஓட்டுத் தையல் போட்டுவிட வேண்டும். சீட்டு நனையும், கிழியும், ஊக்கு கழன்று விழும், நூல் போகாது. சிவப்பு நூலுக்குள் இருப்பதை அந்தக் கட்டடத்தில் யாரும் தொடமாட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை மாலை கறைக்காரர் வீட்டுக்கு வரும்போதே முகம் பளபளவென்று இருந்தது. செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“இன்னிக்கு ஒண்ணு எடுத்தேன் பாரு. வெள்ளை மேஜைவிரிப்பு. மூலையில உள்ளங்கை அகலத்துக்கு நீல மை. எத்தனை வருஷத்துது தெரியுமா? பத்துக்குக் குறையாது. ரெண்டு மணி நேரம். கடைசியில இருந்த இடம் தெரியல.”

“நீங்க எடுக்காம வேற யாரு எடுப்பாங்க” என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள். அவர் அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்து அந்த மேஜைவிரிப்புக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற ரயில் கார்டு. மணிமணியான கையெழுத்து. கடிதத்தின் சாரம் இது: ‘உங்கள் வேலை மிக நன்றாக இருக்கிறது. துணியில் ஒரு புள்ளி இல்லை. அதுதான் என் புகார். என் மனைவி தினமும் காலையில் அந்த மூலையில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவாள். அவளுடைய பேனா கசியும். போன வருடம் அவள் போய்விட்டாள். மற்ற எல்லாம் வெளுக்கட்டும், அந்த நீலம் மட்டும் இருக்கட்டும் என்று கவுன்ட்டரில் இருந்த அம்மாவிடம் சொல்லித்தான் கொடுத்தேன்.’

மேனேஜர் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கறை மேஜைக்குப் போனார். வயதில் கறைக்காரரைவிடச் சின்னவர், கெட்டவர் இல்லை, மேலிடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டியவர்.

“சிவப்பு நூல் இருந்துச்சா இல்லையா?”

கறைக்காரர் பஞ்சைக் கீழே வைத்தார். “இருந்திருக்கும் சார். நான்தான் பாத்திருக்க மாட்டேன். கண்ணு இப்ப முன்ன மாதிரி இல்ல” என்றார்.

ஒப்புக்கொண்ட பிறகு யார் மேற்கொண்டு விசாரிப்பார்கள்? நாற்பத்தைந்தைத் தாண்டினால் கண் போவது சகஜம்தான் என்று மேனேஜரே சமாதானம் சொன்னார். ஆனாலும் கறை மேஜையை விட்டு அவரை எடுத்துவிட்டார். “கண்ண காட்டிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்” என்று துணி மடிக்கிற மேஜைக்கு அனுப்பினார். அடுத்த நாள் கறைக்காரர் கறுப்புச் சட்டம் போட்ட ஒரு மூக்குக்கண்ணாடியோடு வந்தார். வைத்தியத்துக்குப் போனதாகச் சொன்னார்.

மடிப்பு மேஜை ஒன்றும் கேவலமான இடம் இல்லை. ஆனால் அவர் அங்கே நின்றதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. துவாலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, யாராவது கறைத் துணியோடு கடந்து போனால் கண் மட்டும் அதன் பின்னாலேயே போகும். வீட்டில் பேச்சுக் குறைந்தது. பால் பொங்கியது, அவர் எந்த வகை என்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டே இருந்தார்.

“தலை வலிக்குதாங்க?”

“புதுசுல்ல. பழகிடும்.”

அவள் ரயில் கார்டுக்குப் பதில் எழுதினாள். அந்த அடையாளத்தைக் காக்க இயலாமல் போனமைக்குக் கம்பெனி ஆழ்ந்து வருந்துகிறது, வி டீப்லி ரிக்ரெட். கூடவே மூன்று இலவசச் சலவைச் சீட்டுகள். எழுதும்போது கணவர் முகம் கண்முன் வந்தது. ‘ஆள் இல்லாத’ வாக்கியத்தால் அவருக்குக் கெடுதல் இல்லை, அவர் பெயர் வெளியே போகாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இலவசச் சீட்டுகள் மூன்றும் திரும்பி வந்தன. கூடவே இரண்டாவது கடிதம்.

‘அழகாக எழுதியிருக்கிறீர்கள். வாசலுக்கு அடிக்கிற வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது, ஒரு கைரேகை இல்லை. கறை தானாகப் போகாது. யார் வேலையையும் பறிக்க நான் எழுதவில்லை. யார், எப்படி என்று மட்டும் தெரிந்தால் போதும். என் மனைவி ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டுத் தூங்கமாட்டாள். இது ஒரு கட்டம் காலியாகக் கிடக்கிறது.’

அவள் அந்தக் கடிதத்தைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆபீஸ் காகிதம் எதுவும் அதுவரை அவள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் சட்டையொன்றின் காலரைத் தைத்துக்கொண்டிருந்தாள். நூல் அறுந்துவிட்டது. கடிதம் படித்துப் படித்துப் போன கண் அவளுக்கு. ஊசியில் நூல் கோர்ப்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலை.

“என்னங்க, இதக் கொஞ்சம் கோர்த்துக் குடுங்க.”

அவர் நாளிதழைப் பார்த்தபடியே கையை நீட்டி ஊசியை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்குமேல் ஏற்றினார். நூல் நுனியை உதட்டில் ஈரமாக்கி, ஒரே குத்து. கோர்த்தாயிற்று. ஊசியைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பழையபடி மூக்கில் இறக்கிக்கொண்டு, நாளிதழைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படிக்க ஆரம்பித்தார்.

அவள் ஊசியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பதினொன்றாம் நம்பர் ஊசி அது, காது இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும்.

அவர் குளிக்கப் போனதும் கண்ணாடியை எடுத்துக் கடிதத்தின் மேல் பிடித்தாள். எழுத்து பெரிதாகவில்லை, சிறிதாகவில்லை. முன்னே பின்னே நகர்த்தினாள். ஒரு வரிகூட அசையவில்லை. ஜன்னல் கண்ணாடிக்கும் அதற்கும் வித்தியாசமே கிடையாது.

நல்ல கண் இருக்கிற மனிதர் எதற்காகக் கண் தெரியவில்லை என்கிறார்? அவளுக்கு அன்று பகலெல்லாம் வேலை ஓடவில்லை. சோம்பேறி இல்லை அவர், மடிப்பு மேஜைக்கு ஆசைப்பட்டவரும் இல்லை. வாழ்க்கையில் அவர் மார்தட்டிக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தை, அந்தக் கண்ணையும் கையையும். அதையே ஒருத்தர் கழற்றிக் கொடுக்கிறார் என்றால், அதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவருக்கு ஏது? எங்கேயாவது ஒரு முனை நீட்டிக்கொண்டுதான் இருக்கும்.

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போய்க் கவுன்ட்டர் சீட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். ஒவ்வொரு துணிக்கும் சீட்டை எழுதி, ஒரு பாதியைக் கிழித்துத் துணியில் குத்திவிட்டு, அடிக்கட்டையைப் புத்தகத்திலேயே விடுவார்கள். மேஜைவிரிப்பின் நம்பரைத் தேடிப் போனாள். பக்கம் பக்கமாக நீல மை, நீல மை, நீல மை. பிறகு மூன்று நாள் மட்டும் பச்சை.

கவுன்ட்டர்க்காரி தங்கை கல்யாணத்துக்காக மூன்று நாள் லீவில் போயிருந்தாள். அந்த மூன்று நாள் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் இவள்தான். மறந்தே போயிற்று. ‘மேஜைவிரிப்பு, வெள்ளை. மூலையில் நீலக் கறை’ என்று பச்சை மையில், காற்புள்ளி பிசகாமல் எழுதியிருந்தாள். எழுதிவிட்டு ஊசியை எடுத்ததும், போன் அடித்ததும், மூன்றாம் கிளையிலிருந்து ஒரு கடிதத்தை வாசித்துத் திருத்தம் கேட்டதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ரிக்ரெட்டா அப்பாலஜைஸா என்றுதான் கேட்டார்கள். இவள் பத்து நிமிடம் விளக்கினாள். எதிரே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஊசி மேஜையிலேயே கிடந்தது.

நூல் போடவில்லை.

பச்சை மை. அந்தச் சீட்டின் மறுபாதி துணியில் குத்தப்பட்டு அவர் மேஜைக்குத்தான் போயிருக்கிறது. கறை எடுத்து முடித்த சீட்டுகளை அங்கேயே கம்பியில் குத்தி வைப்பது அவர் வழக்கம். புகார் வந்த அன்றே, மேனேஜர் கேள்வியை முடிக்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பஞ்சைக் கீழே வைத்தார்.

மதியச் சாப்பாட்டை அவர்கள் இருவரும் எப்போதும் பின்புறத்து மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவள் டப்பாவைத் திறக்காமல் சீட்டுப் புத்தகத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், அது இனிமேல் எதற்கு.

“மறுபாதி எங்க?” என்றாள்.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். மூன்று வாரமாக அங்கேயே வைத்திருந்திருக்கிறார், வேறு யார் கையிலாவது கிடைத்துவிடுமோ என்று.

“எனக்கு ஏன் சொல்லல?”

“என்னத்த சொல்றது? இந்தக் கட்டடத்துல தப்பே பண்ணாத ஆள் நீ ஒருத்தி. எல்லாரும் உன்கிட்டதான் திருத்திக்க வராங்க. அது போயிடக்கூடாதுன்னு பட்டுச்சு. எனக்கென்ன, துணி மடிக்கறேன்.”

“அதுக்காக நீங்க குருடாகணுமா?”

“அரைக் குருடுதான்” என்றார் அவர், சிரிக்க முயன்று.

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். கடைசியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்து பட்டுப் பட்டு விரல் நுனிகள் வெளுத்துப்போன கை. மூன்று வாரத்தில் அந்த வெளுப்புகூடக் குறைந்திருந்தது.

“மன்னிச்சிடுங்க.”

பழக்க தோஷம், அவர் கேட்டேவிட்டார்: “இது எந்த வகை?”

“ரெண்டாவது வகை” என்றாள். சொல்லிவிட்டு விம்மி அழுதாள். அவர் பதறிப்போய்ச் சாப்பாட்டு டப்பாவின் மூடியால் அவளுக்கு விசிறினார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு மேனேஜர் அறையில் நடந்தது ஒரு கூத்து. அவள் அடிக்கட்டையை மேஜைமேல் வைத்து, “நூல் போடாதது நான்தான் சார். இவர் கண்ணுல ஒரு குறையும் இல்ல” என்றாள்.

“சார், அவ சும்மா சொல்றா. நானாவது எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்” என்றார் அவர்.

“நீங்க சும்மா இருங்க.”

“நீ சும்மா இரு.”

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்தக் கம்பெனில தப்பு பண்ணினேன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்ல. இன்னிக்கு ஒரே தப்புக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கறீங்க” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மூக்கை உறிஞ்சினார். யானைக்கும் அடி சறுக்கும் மேடம், பரவாயில்லை, ஆனால் மெமோ ஒன்று கொடுத்தே ஆகவேண்டும் என்றார். மெமோவும் வந்தது. தன் கவனக்குறைவுக்கு மேடம் ‘ரிக்ரெட்’ செய்வதாக அதில் எழுதியிருந்தது. அவள் பச்சைப் பேனாவை எடுத்து, அந்தச் சொல்லை அடித்து, மேலே ‘அப்பாலஜைஸ்’ என்று திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ரயில் கார்டுக்கு எழுதிய கடிதத்தில்தான் மேனேஜர் முரண்டு பிடித்தார். “கம்பெனி லெட்டர்ஹெட்ல இத அனுப்ப முடியாது மேடம். முதலாளி என்னத் தொலைச்சிடுவார்.”

“வெள்ளைத் தாள் போதும் சார். ‘வி’ன்னு எழுதல, ‘ஐ’ன்னுதான் எழுதியிருக்கேன்.”

கடிதம் ஐந்தே வரி. ‘உங்கள் மேஜைவிரிப்பை வாங்கியது நான். நீலத்தைச் சுற்றிச் சிவப்பு நூல் போட வேண்டியவளும் நான். போன் வந்தது, எடுத்தேன், நூலை மறந்தேன். கறையை எடுத்தவர் என் கணவர், அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். ஐ அப்பாலஜைஸ்.’ இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுக்கு விளக்கிய சொல்லை முதல் தடவையாகத் தனக்காக எழுதினாள். ஓரிடத்தில் மை இழுபட்டுவிட்டது. வேறு தாள் எடுக்கவில்லை, அப்படியே மடித்து அனுப்பினாள்.

பதில் கடிதம் வரவில்லை. நாலாவது நாள் அவரே வந்தார், தொப்பியும் கையுமாக, அக்குளில் ஒரு காகிதப் பொட்டலம். நெட்டையான பெரியவர். கவுன்ட்டரில் நின்று, “கடுதாசி எழுதின அம்மா யாரு?” என்றார்.

அவள் எழுந்து நின்றாள். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று தயாராகத்தான் இருந்தாள்.

“நீங்கதானா. நல்லது. இப்பத்தான் அந்தக் கட்டம் நிறைஞ்சுது” என்றார் பெரியவர். பிறகு, “எடுத்தவரு இருக்காரா?” என்று கேட்டார்.

கறைக்காரர் அன்று காலைதான் தன் பழைய மேஜைக்குத் திரும்பியிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெரியவர் பொட்டலத்தைப் பிரித்து மேஜைவிரிப்பை விரித்தார். பளீரென்று வெள்ளை. மூலையை ஒரு விரலால் தடவிக்கொண்டே, “சண்டைக்கு வரல தம்பி. ஒண்ணு கேக்கணும். முப்பது வருஷம் அதுக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன். இப்ப கண்ண மூடினா அதோட உருவம் சரியா வரமாட்டேங்குது. கடைசியாப் பாத்தவரு நீங்க. எப்படி இருந்துச்சு?” என்றார்.

கறைக்காரர் குனிந்து அந்த மூலையை உற்றுப் பார்த்தார். எதுவும் இல்லாத இடத்தைத்தான், ஆனால் அவருக்கு அங்கே எல்லாம் இருந்தது.

“ஒரே கறை இல்ல சார். ஒண்ணுமேல ஒண்ணா நிறைய. அடியில கறுப்பு மை கொஞ்சம், அது ரொம்பப் பழசு. அப்புறம் நீலத்துக்கு மாறியிருக்காங்க.”

“ஆமா. கறுப்பு மை கடைல கிடைக்காமப் போச்சு.”

“இந்தப் பக்கம் நீளமா, அந்தப் பக்கம் உருண்டையா இருந்துச்சு. இங்க சின்னச் சின்னப் புள்ளி, பேனாவ உதறியிருக்காங்க. பேனா முனையைத் துடைக்கறது எப்பவும் இந்த ஓரத்துலதான். துடைச்சிட்டுக் கட்டைவிரல இங்க ஊனியிருக்காங்க. சாய்வப் பாத்தா இடது கை.”

பெரியவர் நாற்காலியைத் தேடினார். அவள் ஓடிப்போய் ஒன்றை நகர்த்திக் கொடுத்தாள்.

“இடது கைக்காரிதான்” என்றார் பெரியவர். “இடது கைதான்.” தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“அந்த விரல் ரேகையைப் பாத்தேன் சார்” என்றார் கறைக்காரர். “பாத்துட்டுத்தான் எடுத்தேன். யாரோ ஒருத்தங்க தினமும் உக்காந்த இடம்னு தெரிஞ்சுது. கேட்டிருக்கலாம். வேலை முசுவுல கேக்கல. அது என் தப்பு.”

பெரியவர் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “நீங்க எடுத்ததாலதான் தம்பி இவ்வளவு தெரியுது. எனக்குத் தெரியாததெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே.” பிறகு அவள் பக்கம் திரும்பி, “அந்தச் சிவப்பு நூல் இருக்காம்மா?” என்றார்.

“இருக்குங்க.”

“இப்பப் போடுங்களேன்.”

கறைக்காரர் துணிக்குக் குறி போடுகிற சுண்ணக்கட்டியை எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் துணியின் மூலையில் மெல்லக் கோடு இழுத்தார். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் உருண்டை, ஓரத்தில் தனியாக ஒரு கட்டைவிரல். எங்கேயும் கை தயங்கவில்லை. வரைந்து முடித்ததும் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அதற்குள் கடித அறையில் போன் அடித்தது. எந்தக் கிளையோ, என்ன சந்தேகமோ. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கறைக்காரர் சிவப்பு நூலை உதட்டில் ஈரமாக்கி ஊசியில் கோர்த்துக் கொடுத்தார். அவள் வாங்கி, அந்தக் கோட்டின்மேல் முதல் தையலைப் போட்டாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.